நடுவருக்குச் சர்க்கரை இறங்கிய மதியம்

நல்லா பாத்துக்கோங்க. பாக்கணும்னா நேராவே பாருங்க, ஓரக்கண்ணால பாக்க வேண்டாம். பையை மேல வைக்கக் கையைத் தூக்கினேன், சட்டைக்கை ஏறிடுச்சு, நீங்க பாத்துட்டீங்க. அது பொத்தான் இல்ல. பிளாஸ்திரியும் இல்ல. சென்சாராம். அதுக்கு அடியில முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள போயிருக்கு. என் உடம்புல சர்க்கரை எவ்வளவுன்னு விடாம போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். என் போனுக்கு மட்டும்னா பரவாயில்லையே. டிரைவருக்குப் பின்னால ஊதாச் சேலை கட்டி ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க, என் வீட்டுக்காரி கோமதி, அவ போனுக்கும் போகும். பெங்களூர்ல இருக்கிற என் மக போனுக்கும் போகும். நான் இங்க ஒரு கடலைமிட்டாயை வாயில போட்டா அங்க மணியடிக்கும். ஒரு மனுஷனை உளவு பாக்க அவன் உடம்பிலேயே ஆளை ஒட்டி வச்ச காலம் இது.

என்னது, உங்க வீட்டம்மாவுக்கும் மாட்டச் சொல்லியிருக்காரா டாக்டர்? அப்ப சரி. அப்ப நீங்க கேட்டுத்தான் ஆகணும். ராஜபாளையம் வரைக்கும் நேரம் கிடக்கு.

நான் தில்லைநாயகம். பட்டிமன்ற நடுவர். பேரைக் கேட்டதில்லையா? கேட்டிருக்க மாட்டீங்க. டிவியில வந்தாத்தானே இப்ப பேரு. நாலு சிரிப்புத் துணுக்கை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, மாமியார் மருமகளை வச்சு ரெண்டு வரி, கடைசியில ஒரு சினிமாப் பாட்டு. இதுக்குப் பேரு பேச்சு. நான் அந்த ரகம் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. தில்லைநாயகம் தீர்ப்புச் சொன்னான்னா அப்பீல் கிடையாதும்பாங்க.

சர்க்கரை எனக்கு ரொம்ப வருஷமா உண்டு. மாத்திரையில ஆரம்பிச்சு ஊசிக்கு வந்தாச்சு. சாப்பாட்டுக்கு முந்தி ஒண்ணு, படுக்கப் போகும்போது ஒண்ணு. நானே போட்டுக்குவேன், எந்த நர்ஸும் வேண்டாம். ஒரு நாள் பீரோ முன்னால நின்னுக்கிட்டு, சாவி கையிலேயே இருக்க, அதைத் திறக்கத் தெரியாம முழிச்சேனாம். கோமதி சொல்லுதா. சீனியைக் கரைச்சு வாயில ஊத்தினப்புறம்தான் சரியானேனாம். இதை அவ மககிட்டச் சொல்ல, மக டாக்டர்கிட்டச் சொல்ல, அந்த டாக்டர், மீசையே இன்னும் ஒழுங்கா முளைக்கல, என்கிட்டச் சொல்றார்: “ஐயா, உங்களுக்கு ரொம்ப நாள் சுகர் இருக்கிறதால, இறங்கும்போது வர்ற எச்சரிக்கை உங்களுக்குத் தெரியறதில்ல. வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் லேட்டா வருது. அதனால உங்களுக்குப் பதிலா இது சொல்லட்டும்.”

எனக்குப் பதிலா! எனக்குப் பதிலா பேச ஒரு பொத்தான்! நான் சொன்னேன், “தம்பி, எனக்குப் பதிலா பேசறதுக்கு இந்த மாவட்டத்துல ஆள் கிடையாது.” அவர் சிரிக்கல. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா?

லீவுல ஊருக்கு வந்திருந்த மக அன்னைக்கே வாங்கிட்டு வந்துட்டா. ஒட்டினது அவதான். போனுல அதை இதை அமுக்கி, எழுபதுக்குக் கீழ போனா ஒரு சத்தம், அதைவிடக் கீழ போனா வேற சத்தம், வேகமா இறங்கினா கீழ பாத்த அம்புக்குறி. “அப்பா, நம்பரை மட்டும் பாக்காதீங்க, அம்பையும் பாருங்க. நூறுன்னு இருந்தாலும் அம்பு கீழ பாத்தா உஷாரா இருக்கணும்.” எனக்குப் பாடம் எடுக்கிறா. நான் கையைப் பிடிச்சு ‘அ’ எழுதச் சொல்லிக்குடுத்த பொண்ணு.

அந்தச் சத்தத்தைச் சொல்லணுமே. ஆம்புலன்ஸுக்கும் கோழிக்கும் பிறந்த மாதிரி ஒரு சத்தம். மாட்டின கொஞ்ச நாள்ல ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. ஒரு செய்யுளை எடுத்து, மூணாவது அடியில நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பாக்கிறேன். அந்த நிறுத்தம் இருக்கே, அது என் கையெழுத்து மாதிரி. அந்த நேரம் பாத்து சட்டைப் பையிலேர்ந்து கீய்ய்ங்னு கத்துது. கூட்டம் கொல்லுனு சிரிச்சிட்டுது. நாலாவது அடியை யாரும் கேக்கல. நான் இறங்கி வந்து நாலு பிஸ்கட்டைத் தின்னுட்டு, அன்னைக்கே முடிவு பண்ணினேன், இது இனிமே மேடையில வாயைத் திறக்கக் கூடாதுன்னு. பக்கத்து வீட்டுல ஒருத்தன் செல்போன் கடை வச்சிருக்கான். அவன்கிட்டக் குடுத்து எல்லாச் சத்தத்தையும் சாகடிச்சிட்டேன். கோமதிகிட்டச் சொல்லல. அவளுக்கு எதுக்கு?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தென்காசிப் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு ஆண்டு விழா. வருஷாவருஷம் நான்தான் நடுவர். தலைப்பு, இல்லறம் இனிப்பது விட்டுக்கொடுப்பதாலா, தட்டிக்கேட்பதாலா. தலைப்பும் நான் குடுத்ததுதான். காலையிலேயே போயாச்சு. லாட்ஜுல ரூம். டிபனோட கேசரி. சங்கச் செயலாளர் பக்கத்துல நின்னு, “ஐயா, நம்ம கடை நெய்யி” அப்படிங்கிறார். விருந்தோம்பலைப் பத்தி மேடை மேடையா பேசுறவன், குடுத்த கேசரியை வேண்டாம்னு சொல்லலாமா? ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன்.

கோமதி பாத்தா. தன் போனை எடுத்து நம்பரைப் பாத்தா. அவ அப்படி நம்பரைப் பாக்கிறதுதான் எனக்கு ஆகாது.

கொஞ்ச நேரத்துல போனைப் பாத்தா நம்பர் கிடுகிடுன்னு ஏறியிருக்கு, அம்பும் மேல பாத்து நிக்குது. டிபனுக்குப் போட்ட ஊசி உள்ள இருக்கத்தான் செய்யுது. ஆனா எனக்குப் பொறுக்கல. பாத்ரூமுக்குள்ள போய் இன்னும் கொஞ்சம் போட்டேன். தப்புன்னு பொறவு சொன்னார் அந்த டாக்டர். “முன்னாடி போட்டதே வேலை செஞ்சு முடிச்சிருக்காது ஐயா, அதுக்கு மேல போட்டா ரெண்டும் சேந்து இழுத்துக்கிட்டுப் போயிரும்.” பொறவு சொல்ல யாருக்கும் வரும். நீங்க உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி வைங்க, ஏறியிருக்குதேன்னு ஊசி மேல ஊசி போட வேண்டாம்னு. நான் சொன்னதாச் சொல்லுங்க.

சாப்பாட்டு நேரம் வந்தது. மண்டபத்துல எங்களை ஒரு அறையில உக்கார வச்சிருந்தாங்க. செயலாளர் வந்து, “ஐயா, இலை போட்டாச்சு, எந்திரிங்க” அப்படின்னார். இலை போட்டாச்சுன்னா என்ன அர்த்தம்? சோறு வருதுன்னு அர்த்தம். நான் சாப்பாட்டு ஊசியைப் போட்டுட்டேன். வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு வெளிய வர்றேன், வாசல்ல பட்டாசு வெடிக்குது. சிறப்பு விருந்தினர் வந்துட்டாராம். ஒரு ஜவுளிக்கடை முதலாளி. காலையில வர வேண்டியவர் அப்பத்தான் வர்றார், வந்ததும் உடனே போகணுமாம். செயலாளர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஐயா, அண்ணாச்சி இருக்கும்போதே பட்டிமன்றத்தை ஆரம்பிச்சிருவோம், சாப்பாடு எங்க போயிரும்” அப்படின்னார்.

கோமதி கேட்டா. “ஊசி போட்டாச்சா?”

“இல்ல” அப்படின்னேன். அத்தனை பேர் நிக்கிற இடத்துல, நடுவர் ஊசி போட்டுட்டார், நடுவருக்குச் சோறு வேணும்னு இவ ஆரம்பிச்சா என் மரியாதை என்ன ஆகும்?

“அப்ப இந்த வாழைப்பழத்தையாவது தின்னுட்டுப் போங்க.”

“மேடையேறப் போறவன் வாழைப்பழம் தின்னுக்கிட்டா போவான்? போய் உக்காரு.”

மேடை. மண்டபத்துக்கு வெளிய பந்தல்ல போட்டிருந்தாங்க. பொன்னாடை போத்துறாங்க. போத்துறாங்க, போத்துறாங்க, போத்திக்கிட்டே இருக்காங்க. பந்தல் போட்டவனுக்குப் பொன்னாடை, மைக் செட்டுக்காரனுக்குப் பொன்னாடை. ஜவுளிக்கடைக்காரர் பேசினார். அவர் கடை எப்படி வளந்ததுங்கிறதைப் பேசினார். ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் இருந்தா பயனிலை இல்ல. நான் நெளிஞ்சுக்கிட்டு இருக்கேன். போன் என் தோல்பைக்குள்ள, துண்டுல சுத்தி, ஊமையா, நாற்காலிக்கு அடியில கிடக்கு.

என் வலது பக்கத்துல எஸ்தர் செல்வமணி. தட்டிக்கேட்கிற அணித்தலைவி. தூத்துக்குடிக்காரி, பாங்குல வேலை. அவளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஏன்னா என் வழக்கே அவ மேலதான். இவளை மேடைக்குக் கொண்டு வந்தவனே நான்தான். முதல் பேச்சுல கால் நடுங்கிச்சு. நடுங்காதேம்மா, கூட்டத்தைக் கத்திரிக்காய்த் தோட்டம்னு நெனச்சுக்கோன்னு சொல்லிக்குடுத்தவன் நான். இப்ப அவளுக்குக் கூட்டம் கூடுது. என்ன இருக்கு அவ பேச்சுல? வீட்டுல பேசுற மாதிரி பேசுறா. வீட்டுல பேசுற மாதிரி பேசுறதுக்கு மேடை எதுக்கு? வீட்டுலேயே பேசலாமே!

பட்டிமன்றம் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேர் பேசி முடிச்சாங்க. நான் இடையில எழுந்து தொகுத்துச் சொல்லணும். எழுந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு, எழுந்தேன். வெளிச்சம் கொஞ்சம் அதிகமா இருந்துது. லைட்டுக்காரன் எவனோ கண்ணுக்கு நேரா போட்டுட்டான்.

அதுக்கு மேல நடந்ததெல்லாம் வீடியோவுல இருக்கு. யாரோ ஒருத்தன் போனுல எடுத்து, அது ஊர் ஊராப் போயிருக்கு. உங்களுக்கு வரலையா? வேற தில்லைநாயகமா இருக்கும்னு தள்ளி விட்டிருப்பீங்க. அதுல பாத்தா, நான் “விட்டுக்கொடுப்பது என்பது” அப்படின்னு ஆரம்பிக்கிறேன். திரும்ப “விட்டுக்கொடுப்பது என்பது” அப்படிங்கிறேன். மூணாவது தடவையும் அதையே சொல்றேன். சொன்ன சொல்லே திரும்ப வர்ற சொற்பொருள் பின்வருநிலைன்னு ஒரு அணி உண்டு, இவங்களுக்கு எங்க தெரியப் போகுது. கூட்டம் கைதட்டுது. வேர்த்து ஊத்துது எனக்கு, அந்தப் பொன்னாடையாலேயே முகத்தைத் துடைக்கிறேன். மே மாசம், யாருக்குத்தான் வேர்க்காது?

அப்ப இந்த எஸ்தர் எழுந்து வந்து என் காதுகிட்ட என்னமோ சொல்றா. அது என்னன்னு பொறவு அவளே என்கிட்டச் சொன்னா. “ஐயா, என் தங்கச்சிக்குச் சின்னதுலேர்ந்து சுகர் உண்டு, எனக்குத் தெரியும், உங்களுக்கு இறங்குது, இந்த ஜூஸைக் குடிச்சிட்டுப் பேசுங்க.” கையில மாம்பழ ஜூஸ் பாக்கெட். நடுவர் பேசும்போது அணித்தலைவி குறுக்க வரலாமா? நீங்களே சொல்லுங்க. நான் அவ கையைத் தட்டி விட்டு மைக்குல சொல்றேன்: “பாருங்க மக்களே, நடுவருக்கே லஞ்சம்!” கூட்டம் விசில் அடிக்குது. அதுதான் சமயோசிதம்கிறது. அது ரத்தத்துல வரணும், ஜூஸ்ல வராது.

எஸ்தர் விடல. பாக்கெட்டுல குழலைக் குத்தி என் வாய்கிட்டக் கொண்டு வர்றா. நான் ஒரு வாய் உறிஞ்சி, அதைத் துப்பிட்டேன். எங்க துப்பினேன்னா, ஜவுளிக்கடை அண்ணாச்சி சட்டையில. வெள்ளைப் பட்டுச் சட்டை. அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பெரிய வருத்தம் இல்ல.

அதுக்கப்புறம்தான் நான் வருகைப் பதிவு எடுக்கிறேன். ஆமா, பள்ளிக்கூடத்துல எடுக்கிற மாதிரி. நான் தமிழாசிரியரா இருந்தவன். வீடியோவுல பாருங்க, மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, “ஆவுடையப்பன்!” அப்படிங்கிறேன். கூட்டத்துல ஒருத்தன் “உள்ளேன் ஐயா!” அப்படிங்கிறான். “மாசிலாமணி!” “உள்ளேன் ஐயா!” “பூல்பாண்டி!” அதுக்கு மொத்தக் கூட்டமும் சேந்து, “உள்ளேன் ஐயா!” பந்தல் அதிருது. இந்தக் கூட்டத்தை இப்படி ஒரே வகுப்பா மாத்தினவன் எவனாவது உண்டா? நான் திட்டம் போட்டுச் செஞ்சேன் அதை. இல்லறமும் ஒரு பள்ளிக்கூடம், அதுல கணவனும் மனைவியும் மாணவர்கள், அப்படின்னு கொண்டு போய் முடிக்கப் பாத்திருப்பேன். முடிக்க விடலையே!

டாக்டர் சொல்றார், அந்த நேரத்துல மூளைக்குச் சர்க்கரை பத்தாம, எங்க இருக்கோம்னே தெரியாம பேசியிருக்கேனாம். குடிச்சவங்க மாதிரி கோபம் வருமாம், ஒத்தாசைக்கு வர்றவங்களையே அடிப்பாங்களாம். அவருக்கு மேடை தெரியுமா? மேடையில எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

அந்த வருகைப் பதிவுல ஒரே ஒரு இடம். பூல்பாண்டிக்கு அப்புறம் நான் “கோமதி” அப்படின்னு கூப்பிடுறேன். கூட்டம் “உள்ளேன் ஐயா”ன்னு கத்துது. நான் அதை ஏத்துக்கல. “கோமதி எங்க? கோமதி வரலையா? கோமதி எங்கடா?” அப்படின்னு சுத்திச் சுத்திப் பாக்கிறேன். மக கேட்டா, “ஏம்ப்பா அம்மாவைக் கூப்பிட்டீங்க?” உங்க அம்மாவை எவன் கூப்பிட்டான், எட்டாம் வகுப்புல ஒரு கோமதி இருந்தா அப்படின்னேன். “அப்பா, நீங்க வேலை பாத்தது ஆம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம்” அப்படிங்கிறா. இடையில ரெண்டு மாசம் வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் போயிருந்தேன். அங்க இருந்திருப்பா. இருந்திருக்கணும்.

கோமதி கீழ மூணாவது வரிசையில இருந்திருக்கா. அவ போனை அவ ஊமையாக்கல. முந்தானைக்குள்ள பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கா. அம்பு கீழ பாத்து விழுறப்பவே எழுந்திருச்சிருக்கா, ஆனா சங்கத்து வாலண்டியர் எவனோ, “அம்மா, மேடைக்கு யாரும் போகக் கூடாது” அப்படின்னு மேடைக்கு முன்னால கட்டின கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். பெங்களூர்லேர்ந்து மக வேற போன் மேல போன். “அம்மா, அறுபத்தஞ்சு, அம்மா, அறுபத்திரண்டு.” கிரிக்கெட் வர்ணனை மாதிரி.

கயிறைத் தாண்டிட்டா கோமதி. வீடியோவுல பாக்கணுமே. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஒரு கால்ல செருப்பு இல்லாம, பக்கத்துப் படி இருக்கிறது தெரியாம, முன்பக்கமா முழங்காலை வச்சு மேடையில ஏறுறா. எனக்கு எவ்வளவு கேவலம்! எத்தனை மேடைக்குக் கூட வந்திருக்கா, ஒரு நாள் கூட மேடைப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. அது அவளா வச்சுக்கிட்ட ஒழுங்கு, நானும் கூப்பிட்டதில்ல.

அவளும் எஸ்தரும் சேந்து என்னை நாற்காலியில உக்கார வச்சாங்க. எஸ்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டா, கோமதி குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா. முழுங்குறேனா முழுங்குறேனான்னு தொண்டையைப் பாத்துக்கிட்டே குடுத்தாளாம். நினைவு தப்பிப் போச்சுன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாதாம், மூச்சுக்குழலுக்குப் போயிருமாம், உடனே ஆஸ்பத்திரிதானாம். எனக்கு அந்த அளவுக்குப் போகல. குடிச்சேன். விரல்ல குத்தி மிஷின்ல பாத்தா நாற்பத்தெட்டு. இந்தக் கையில ஒட்டின மகாராசன் என்ன காட்டிச்சு தெரியுமா? அறுபத்தொண்ணு!

அதுக்குத்தான் நான் டாக்டரை நல்லாக் கேட்டேன். “உங்க உளவாளி பொய் சொல்லுதே தம்பி?” அப்படின்னேன். “பொய் இல்ல ஐயா, அது ரத்தத்தைப் பாக்கல, தோலுக்கு அடியில இருக்கிற நீரைப் பாக்குது. சர்க்கரை வேகமா இறங்கும்போது அது கொஞ்சம் பின்னாலதான் வரும். அதான் உடம்பு ஒண்ணு சொல்லி, நம்பர் வேற சொன்னா, விரல்ல குத்திப் பாருங்கன்னு முதல்லயே சொன்னேன்” அப்படிங்கிறார். சொன்னாராம். அது மாதிரிதான், அந்தக் கையை அமுக்கிப் படுத்தா இறங்காமலேயே இறங்கினதாக் காட்டுமாம். பின்னால வர்ற ஒரு கருவி, படுத்தா உளறுற ஒரு கருவி, இதை நம்பி நான் வாழணும். உங்க வீட்டம்மாவுக்கு மாட்டும்போது விரல்ல குத்துற மிஷினைத் தூக்கிப் போட்டுறாதீங்க. ரெண்டும் வீட்டுல இருக்கட்டும். குளுக்கோஸ் ஒரு டப்பா பையில இருக்கட்டும். சத்தத்தை யாரையும் அமத்த விடாதீங்க. செல்போன் கடைக்காரனுக்கு என்ன தெரியும், முட்டாப் பய.

கால் மணி நேரம் கழிச்சு திரும்பக் குத்திப் பாத்து, ஏறியிருக்குன்னு தெரிஞ்சு, சோறு போட்டாங்க. மேடையிலேயே. அத்தனை பேர் பாக்க, நடுவர் சாம்பார் சோறு சாப்பிடுறார். அப்பத்தான் எனக்கு முழுசா வெளிச்சம் வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, “தீர்ப்புச் சொல்லியாச்சா?” எஸ்தர்தான் சொன்னா, “இன்னும் இல்ல ஐயா, சாப்பிடுங்க.” தீர்ப்பைச் சொல்லாமலேயே விழாவை முடிச்சுட்டாங்க. என் வாழ்க்கையில தீர்ப்பில்லாத ஒரே பட்டிமன்றம் அதுதான்.

இப்ப வழக்கு என்னன்னா, அதுக்கப்புறம் அந்தச் சங்கம் எஸ்தரை நடுவராப் போட்டுட்டுது. அந்தச் சங்கம் போட்டதைப் பாத்து இன்னொரு சங்கம். என் நாற்காலி போச்சு. ஒரு ஜூஸ் பாக்கெட்டை வச்சு நாற்காலியைப் பிடிச்ச கதை நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இப்ப ராஜபாளையத்துக்குப் போறதும் அவ நடத்துற பட்டிமன்றத்துக்குத்தான். அவளே போன் பண்ணினா. “ஐயா, நீங்க அணித்தலைவரா வரணும், நீங்க இல்லாம எனக்குக் கால் நடுங்கும்.” நடுங்கும்ல? சரி, பொழச்சுப் போகட்டும்னு ஒத்துக்கிட்டேன். ஆனா கேளுங்க கூத்தை. அவ சங்கத்துக்காரங்களுக்குப் போட்ட முதல் நிபந்தனை என்ன தெரியுமா? பேச்சாளர்கள் சாப்பிட்டு முடிக்காம பட்டிமன்றம் ஆரம்பிக்கப்படாது. யாரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இது பட்டிமன்றமா, பந்தியா? எனக்கு அவ தனியாச் சொன்னது, “ஐயா, சோறு இலையில விழுறதைக் கண்ணால பாத்துட்டு ஊசி போடுங்க.” நான் “ம்” அப்படின்னேன். அது ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. போனுல “ம்”முனா “ம்”முதான்.

சத்தம் இப்ப வச்சிருக்கேன். மக வந்து திரும்ப வச்சுட்டுப் போனா. கத்தினாக் கத்தட்டும். எதிர்ப்பேச்சுக்கு நடுவுல பேசி வளந்தவன் நான்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு விட்டுறேன். அந்த வீடியோவை நான் வீட்டுல போட்டுப் பாப்பேன். வருகைப் பதிவை ரசிக்கத்தான் பாக்கிறேன். அதுல கோமதி முழங்காலை ஊன்றி மேடையேறின உடனே என்கிட்ட வரல. நான் நாற்காலிகிட்டத் தள்ளாடுறேன், கூட்டம் இன்னும் “உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா”ன்னு சிரிச்சுக்கிட்டிருக்கு. இவ நேரா மைக்குக்குப் போறா. மைக்கைப் பிடிக்கத் தெரியல. அதோட தலையைப் பிடிக்கணும்னு நெனச்சு மேல பிடிக்கிறா, அது கொய்ங்னு கத்துது. அந்தக் கத்தலுக்கு மேல இவ கத்துறா:

“சிரிக்காதிய! அவியளுக்குச் சீனி இறங்கிட்டு, சிரிக்காதிய!”

அவ்வளவுதான். பந்தல்ல பொட்டுச் சத்தம் இல்ல. பிள்ளைங்க கூட அழல. எத்தனை வருஷம் மேடை ஏறியிருக்கேன், எத்தனை செய்யுள், எத்தனை நிறுத்தம், அப்படி ஒரு அமைதியை எந்தக் கூட்டமும் எனக்குக் குடுத்ததில்ல. என்ன இருக்கு சொல்லுங்க அந்த வார்த்தையில? அணி இல்ல, நயம் இல்ல, ஒரு உவமை கிடையாது. ‘சிரிக்காதீர்கள்’னு வரணும். ‘அவருக்கு’ன்னு வரணும். ‘இறங்கிவிட்டது’ன்னு வரணும். ஒரே வாக்கியத்துல மூணு பிழை. கல்யாணம் ஆன நாளிலேர்ந்து அவ பேச்சைத் திருத்திக்கிட்டுத்தான் இருக்கேன், காப்பி குடிக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது, ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது கூடத் திருத்தியிருக்கேன்.

இதைத் திருத்தல. பலமுறை வாயெடுத்தேன். திருத்தல.